கையெழுத்துக்குக் காவல்

தவறு செய்யும் ஆடிட்டரை யார் விசாரிக்கிறார்கள்? புகார் கொடுத்தவருக்கும் புகாருக்கு ஆளானவருக்கும் அங்கே நியாயம் கிடைக்கிறதா?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர் வங்கிக் கடனுக்குப் போனால், மேலாளர் முதலில் புரட்டிப் பார்ப்பது ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட்டைத்தான். மகளை மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்பும் தகப்பனார், விசாவுக்குச் சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்க ஆடிட்டர் ஆபீஸ் படியேறுகிறார். ஊர்ப் பள்ளிக்கு நன்கொடை திரட்டும் அறக்கட்டளை, ஆண்டுக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்துச் சரிபார்த்து வாங்குகிறது. ஓய்வுக்காலப் பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பங்குகளில் போட்ட ஆசிரியை, அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அவர் பணம் போடுகிறார்.

மளிகைக் கடையில் எடைக்கல்லை நாம் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதில் அரசு முத்திரை இருக்கிறது என்று நம்பிப் பொருள் வாங்குகிறோம். ஆடிட்டரின் கையெழுத்தும் அப்படியொரு முத்திரைதான். அந்தக் கையெழுத்தே பொய்யாகிவிட்டால் வங்கியும் முதலீட்டாளரும் அரசும் ஒருசேர ஏமாறுகிறார்கள்.

இந்தியாவில் அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பான அமைப்பு, ஐ.சி.ஏ.ஐ. எனப்படும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். நெறிமுறைகளை எழுதிவைப்பது எளிது. அவற்றை மீறியவர்மேல் புகார் வரும்போது, தாமதமில்லாமல், பாரபட்சமில்லாமல், ஊரறிய விசாரித்து முடிப்பது கடினம். அந்தக் கடினமான வேலையை அந்த நிறுவனம் எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறதோ அவ்வளவுதான் நம் ஊர் ஆடிட்டர் கையெழுத்துக்கும் மதிப்பு. ஆகவே அதன் ஒழுங்கு நடவடிக்கை முறையைத் தெரிந்துகொள்வது தொழில்காரர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் தேவை.

பதிவேடு யார் கையில்?

விடுதலைக்கு முன்பு தணிக்கையாளர்களின் பதிவேடு அரசின் கையில் இருந்தது. 1932-ல் வந்த விதிகளின்படி பதிவு செய்தவர்கள் ‘ரிஜிஸ்டர்டு அக்கவுன்டன்ட்’ என்று அழைக்கப்பட்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது சென்னையில் வாழ்ந்த ஆர். சிவபோகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் முதல் பெண் தணிக்கையாளர் அவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் இருந்தவர். 1933-ல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். ஆனால் சிறை சென்றவர்கள் தணிக்கையாளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. அவர் நீதிமன்றம் போய் அந்தத் தடையை வென்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் ஐ.சி.ஏ.ஐ.யின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். ஒருவரைத் தொழிலுக்குள் சேர்ப்பது, தொழிலிலிருந்து நீக்குவது ஆகிய அதிகாரங்கள் தவறான கையில் இருந்தால் எதற்கெல்லாம் பயன்படும் என்பதை அவர் நேரில் அனுபவித்தார். நாட்டுக்காகச் சிறை சென்றதையே தகுதிக் குறைவாக எண்ணிய ஆட்சி அது.

விடுதலைக்குப் பிறகு அந்தப் பதிவேடு தொழில்காரர்கள் கைக்கே வந்தது. பட்டயக் கணக்காளர் சட்டம் 1949 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. குடியரசு பிறப்பதற்கு முன்பே பிறந்த நிறுவனம் இது. இன்று இதில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தலைமை டெல்லியில், தென்மண்டலக் குழுவின் அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கத்தில். நிறுவனத்தை நடத்தும் மத்தியக் கவுன்சிலுக்கு 32 பேர் வரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 8 பேர் வரை மத்திய அரசு நியமிக்கிறது.

தொழில்காரர்களைத் தொழில்காரர்களே விசாரிப்பதில் பெரிய நன்மை உண்டு. ஒரு தணிக்கையாளர் எங்கே பார்த்திருக்க வேண்டும், எதைக் கேட்டிருக்க வேண்டும், எந்தத் தாளில் ஏமாந்தார், எந்தத் தாளில் கண்ணை மூடிக்கொண்டார் என்பது இன்னொரு தணிக்கையாளருக்குத்தான் சட்டென்று விளங்கும். அதே முறைக்குள் ஆபத்தும் இருக்கிறது. விசாரிக்கும் இடத்தில் உட்காரும் கவுன்சில் உறுப்பினர் நாளை அதே உறுப்பினர்களிடம்தான் ஓட்டுக் கேட்க வேண்டும். இந்த நன்மையையும் ஆபத்தையும் எப்படிச் சமன் செய்வது என்பதுதான் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சட்டம் திருத்தப்பட்டு வந்த கதை.

எவையெல்லாம் குற்றம்?

சட்டத்தின் பின்னிணைப்பாக இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. முதல் அட்டவணையில் பெரும்பாலும் தொழில் நாகரிகம் சார்ந்த மீறல்கள். இரண்டாவதில் பொதுமக்களின் பணத்தைத் தொடும் கடுமையான மீறல்கள்.

முதல் அட்டவணையில் உள்ளவை சாதாரண வியாபாரிக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆடிட்டர் விளம்பரம் செய்து வாடிக்கையாளர் பிடிக்கக் கூடாது. ஆள் பிடித்துத் தருகிற வெளியாருக்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது. லாபத்தில் இத்தனை சதவீதம் என்றோ, காரியம் முடிந்தால் இவ்வளவு என்றோ கட்டணம் பேசக் கூடாது. கட்டணம் லாபத்தைப் பொறுத்து ஏறுமென்றால், லாபத்தைக் கூட்டிக் காட்டுவதில் கணக்கைப் பார்ப்பவருக்கும் பங்கு வந்துவிடும். அதற்காகத்தான் இந்தத் தடை. தன் பெயரில் இன்னொருவர் தொழில் நடத்த அனுமதிப்பதும் இந்த அட்டவணையில்தான் வருகிறது.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த விதி, வெளியே அதிகம் தெரியாதது. வேறொரு பட்டயக் கணக்காளர் பார்த்துவந்த தணிக்கையைப் புதிதாக ஒருவர் ஏற்கும் முன், பழையவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். பார்வைக்கு இது வெறும் மரியாதைக் கடிதம். ஆனால் சரக்கு இருப்பைக் கூட்டிக் காட்டச் சொன்ன முதலாளியிடம் ஓர் ஆடிட்டர் முடியாது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி அவரை மாற்றிவிட்டு அடுத்தவரிடம் போகிறார். அந்த அடுத்தவர் கடிதம் எழுதும்போது, தான் ஏன் விலக நேர்ந்தது என்று சொல்லப் பழையவருக்கு ஒரு வாசல் திறக்கிறது. நேர்மைக்காக வேலையை இழந்தவரின் குரல் அடுத்தவர் காதில் விழுவதற்கு இந்த ஒற்றைக் கடிதம்தான் வழி. அதை எழுதாமல் விடுவது சிறிய தவறென்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது அட்டவணை இன்னும் கடுமையானது. தானோ, தன் பங்குதாரரோ, தன் ஊழியரோ கணக்கைப் பார்க்காமலே சான்றளிப்பது. தனக்குத் தெரிந்த முக்கிய உண்மையை அறிக்கையில் மறைப்பது. உரிய கவனம் இல்லாமலோ படுமோசமான அலட்சியத்துடனோ வேலை செய்வது. தனக்குக் கணிசமான பங்கு இருக்கும் தொழிலின் கணக்குக்குத் தானே கருத்துரை தருவது. வாடிக்கையாளரின் ரகசியத்தை வெளியே சொல்வது. வாடிக்கையாளர் கொடுத்த பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்காமல் தன் பணத்தோடு கலப்பது. பேச்சு வழக்கில் ‘கையெழுத்து விற்பது’ என்கிறோமே, அது முதன்மையாக இங்கேதான் பிடிபடுகிறது.

சட்டத்தோடு ஐ.சி.ஏ.ஐ.யின் விதிமுறைகளை மீறுவதும் குற்றமே. ஆர்ட்டிகிள் பயிற்சிக்கு வரும் மாணவரிடம் பணம் வாங்கிக்கொண்டு சேர்ப்பதும், அவருக்குரிய உதவித்தொகையைக் கொடுக்காமல் விடுவதும் இதில் அடங்கும். ஒரு பட்டயக் கணக்காளர் ஆண்டுக்கு இத்தனை வருமான வரித் தணிக்கைகளைத்தான் செய்யலாம் என்ற வரம்பும் இப்படி வந்ததுதான். ஒருவருக்கு 60 என்பது 2014 முதல் உள்ள எண்ணிக்கை. அந்த வரம்பை எதிர்த்துப் பலர் வழக்குத் தொடுத்தார்கள். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரம்பு செல்லும் என்றது. ஆனால் அதை 2024 ஏப்ரல் 1 முதல்தான் செயல்படுத்த வேண்டும் என்று சொல்லி, அதற்கு முன் தொடங்கிய ஒழுங்கு நடவடிக்கைகளை ரத்து செய்தது.

புகார் போகும் பாதை

2006-ல் நடந்த திருத்தத்துக்கு முன்பு, குற்றம் நடந்ததா என்பதைக் கவுன்சிலே முடிவு செய்தது. இரண்டாம் அட்டவணைக் குற்றமென்றால் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய பிறகுதான் தண்டனை. திருத்தம் அந்தச் சுற்றுவழியை மாற்றி, நிறுவனத்துக்குள்ளேயே ஒழுங்கு இயக்ககம் ஒன்றை உண்டாக்கியது. அதன் இயக்குநர்தான் புகாரை முதலில் பார்ப்பவர்.

யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். 2007-ல் வந்த விதிகளின்படி, அதற்கென உள்ள படிவத்தில் எழுதி, ஆதாரங்களை இணைத்து, 2,500 ரூபாய் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். புகார் வராவிட்டாலும் வேறு வழியில் கிடைத்த தகவலை வைத்து இயக்குநர் விசாரணை தொடங்கலாம். மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பில்லை. சம்பவம் நடந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகி, ஆதாரம் திரட்டுவது கடினம் என்று தோன்றினால் புகாரைத் தள்ளிவிட முடியும். ஆகவே சந்தேகம் வந்தவர் தாள்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு சீக்கிரமே எழுதுவது நல்லது.

புகாரின் நகல் உறுப்பினருக்குப் போகும். அவர் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். அந்தப் பதிலுக்குப் புகார்தாரர் மறுமொழி தரலாம். இவற்றைப் படித்துவிட்டு இயக்குநர், முகாந்திரம் இருக்கிறதா இல்லையா என்று தன் கருத்தைப் பதிவு செய்கிறார். முதல் அட்டவணைக் குற்றமென்றால் ஒழுங்கு வாரியத்துக்குப் போகும். இரண்டாவது அட்டவணைக் குற்றமோ இரண்டும் சேர்ந்ததோ என்றால் ஒழுங்குக் குழுவுக்குப் போகும். முகாந்திரம் இல்லை என்று இயக்குநர் நினைத்தாலும் அவராகவே கோப்பை மூட முடியாது. வாரியத்தின் முன் வைத்தாக வேண்டும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் இந்த அமைப்புகளுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு.

சட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இடையில் இருவரும் சமாதானமாகிப் புகாரைத் திரும்பப் பெற்றாலும் வழக்கு தானாக முடிந்துவிடாது. வாரியமோ குழுவோ அனுமதித்தால்தான் முடியும். புகார் கொடுத்தவர் ஒருவரானாலும், பொய்ச் சான்றிதழால் பாதிக்கப்படுகிறவர்கள் பலர் என்பதைச் சட்டம் இங்கே ஒப்புக்கொள்கிறது.

2006 திருத்தத்தின்படி ஒழுங்கு வாரியம் கண்டிக்கலாம், மூன்று மாதம் வரை பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஒழுங்குக் குழு எவ்வளவு காலத்துக்கும், நிரந்தரமாகவும்கூடப் பெயரை நீக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பெயர் நீக்கப்பட்டவர் அந்தக் காலத்தில் பட்டயக் கணக்காளர் என்று கையெழுத்திட முடியாது. படித்து வாங்கிய பட்டத்தின் பயனே போய்விடும் என்பதால், அபராதத்தைவிட இதற்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள்.

தீர்ப்பில் திருப்தியில்லாத உறுப்பினர் 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். கவுன்சில் அனுமதித்தால் இயக்குநரும் போகலாம். ஆனால் புகார் கொடுத்தவருக்கு அந்த மேல்முறையீட்டு உரிமையைச் சட்டம் நேரடியாகத் தரவில்லை. இது பெரிய குறை என்பேன். பணத்தை இழந்தவர், ஆதாரம் தேடி அலைந்தவர், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் அவர்தான். தோற்றால் அடுத்த படி ஏற அவருக்கு இங்கே வழியில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடத்தான் வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம்

கடுமை வேண்டும் என்று பேசுகிறவர்கள் மறந்துவிடும் பக்கம் ஒன்று உண்டு. ஆடிட்டர்மேல் வரும் புகார்களெல்லாம் உண்மையானவை அல்ல. கட்டணப் பாக்கியைக் கொடுக்க மனமில்லாத வாடிக்கையாளர், பாகப்பிரிவினையில் அண்ணன் பக்கம் நின்றார் என்று கோபப்படும் தம்பி, கூட்டுத் தொழில் உடைந்த ஆத்திரத்தில் பழைய பங்காளி என்று பலர் இந்த வழியைப் பழி தீர்க்கப் பயன்படுத்த முடியும். புகார் விசாரணையில் இருக்கிறது என்ற பேச்சே சிற்றூரில் ஒருவரின் தொழிலைக் கெடுத்துவிடும்.

அதனால்தான் 1986-ல் உச்ச நீதிமன்றம் ஐ.சி.ஏ.ஐ. வழக்கொன்றில் தந்த தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. அன்றைய முறையில் ஒழுங்குக் குழு விசாரித்துக் கவுன்சிலுக்கு அறிக்கை தரும்; கவுன்சில் குற்றம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும். ஆனால் குழுவில் விசாரித்தவர்களே கவுன்சிலிலும் உட்கார்ந்து, தாங்கள் கொடுத்த அறிக்கையைத் தாங்களே பரிசீலித்தார்கள். இது நியாயமல்ல என்றது நீதிமன்றம். கவுன்சில் முடிவெடுக்கும் முன் அந்த உறுப்பினரை நேரில் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. பிறகு உயர் நீதிமன்றத்தில் முறையிடலாமே என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. தொழில் செய்து வாழ்பவர் மேல் ஒருமுறை குற்றம் என்று முத்திரை விழுந்துவிட்டால், பின்னால் வரும் விடுதலையால் அந்தச் சேதத்தை முழுதாக ஈடுகட்ட முடியாது என்பதே அதன் நோக்கு.

துப்புத் துலக்குபவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினையை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். நியாயமான முறையில் வந்த தண்டனைதான் மேல்முறையீட்டில் நிற்கும். அவசரத்தில் கொடுத்த தண்டனை உடையும்போது, உண்மையில் தவறு செய்தவரும் தப்பித்துவிடுகிறார்.

சத்யம் எழுப்பிய கேள்வி

2009 ஜனவரி 7-ல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் கணக்கில் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். வங்கியில் பணம் இருக்கிறதா என்பது தணிக்கையின் அரிச்சுவடி. தணிக்கையாளர் வங்கிக்குத் தானே கடிதம் அனுப்பி, பதிலைத் தன் கைக்கே வரவழைத்துப் பார்க்க வேண்டும். அந்த உறுதிக் கடிதங்களை அனுப்பும் பொறுப்பையும் பதில் வாங்கும் பொறுப்பையும் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2011-ல் கண்டறிந்தன. தணிக்கை செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ் பெயரில் இயங்கிய இந்திய நிறுவனங்கள். அவை அமெரிக்காவில் 75 லட்சம் டாலர் அபராதம் கட்டிச் சமரசம் செய்துகொண்டன.

இங்கே கதை நீண்டது. ஐ.சி.ஏ.ஐ. தனிநபர்களான தணிக்கையாளர்கள்மேல் நடவடிக்கை எடுத்தது. தணிக்கை நிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டு தடை விதித்து, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி போட்ட ஆணை 2018 ஜனவரியில்தான் வந்தது. மோசடி வெளிப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து. 2019 செப்டம்பரில் பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது. தணிக்கையின் தரத்தை ஆராயும் அதிகாரம் செபிக்கு இல்லை, அது ஐ.சி.ஏ.ஐ.க்கு உரியது என்பது அதன் முடிவு.

யோசித்துப் பாருங்கள். தரத்தை ஆராயும் அதிகாரம் ஐ.சி.ஏ.ஐ.க்கு உரியது, ஆனால் அன்றைய சட்டப்படி அதன் ஒழுங்கு நடவடிக்கை தனி உறுப்பினரைத்தான் தொடும், அவர் பணியாற்றிய பெரிய தணிக்கை நிறுவனத்தைத் தொடாது. கையெழுத்துப் போட்ட பங்குதாரர் போவார். நிறுவனம் அடுத்த நாளும் இயங்கும். அவசரமாகக் கையெழுத்துப் போடச் சொன்ன மேலிடம், ஆள் குறைவாக அனுப்பிய நிர்வாகம், வாடிக்கையாளரை இழக்காதே என்று கொடுத்த அழுத்தம் எதுவும் விசாரணைக்குள் வராது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 132-வது பிரிவு தேசிய நிதி அறிக்கை ஆணையத்தைக் கொண்டுவந்தது. தொழில்துறையின் எதிர்ப்பால் அது தள்ளிப்போய், பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளிவந்த 2018-ல், அக்டோபர் 1-ம் தேதி உருவானது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பெரிய பொதுக் கம்பெனிகள் ஆகியவற்றின் தணிக்கையாளர்கள் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். தனிநபருக்கு வாங்கிய கட்டணத்தின் ஐந்து மடங்கு வரையும், நிறுவனத்துக்குப் பத்து மடங்கு வரையும் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் முதல் பத்து ஆண்டு வரை தடை போடலாம். இந்த ஆணையம் ஒரு விவகாரத்தைக் கையில் எடுத்துவிட்டால் ஐ.சி.ஏ.ஐ. அதே விவகாரத்தை விசாரிக்க முடியாது.

புதிய ஆணையத்துக்கும் பழைய பாடம் பொருந்தியது. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் 132-வது பிரிவு செல்லும் என்று உறுதி செய்தது. அதே தீர்ப்பில், தணிக்கைத் தரத்தை ஆய்வு செய்தவர்களே ஒழுங்கு நடவடிக்கைக்கும் நோட்டீஸ் அனுப்பிய முறையில் குறை கண்டு, அந்த நோட்டீஸ்களை ரத்து செய்தது. 1986-ல் சொன்ன அதே நியாயம் மீண்டும் வந்து நின்றது.

2022-ல் வந்த திருத்தம்

கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும்படி நாடாளுமன்றம் 2022-ல் இன்னொரு திருத்தத்தை நிறைவேற்றியது. ஐந்து பேர் கொண்ட ஒழுங்குக் குழுவில் தலைவர் உட்படப் பெரும்பான்மையோர் பட்டயக் கணக்காளர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்றது அது. வாரியம் 90 நாட்களிலும் குழு 180 நாட்களிலும் விசாரணையை முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தது. உச்சபட்ச அபராதத்தை 10 லட்சமாக உயர்த்தியது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு தணிக்கை நிறுவனத்தின் பங்குதாரரோ உரிமையாளரோ திரும்பத் திரும்பக் குற்றவாளி என்று கண்டறியப்பட்டால், நிறுவனத்துக்கே 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை தடையும் விதிக்கலாம் என்றது.

வெளியார் பெரும்பான்மையாவது தன்னாட்சிக்கு அடி என்று தொழில்துறையில் பலர் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அதை ஏற்கவில்லை. தணிக்கையின் நுட்பத்தைச் சொல்ல இரண்டு உறுப்பினர்கள் குழுவில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களும் உடன் உட்கார்ந்தால் தீர்ப்பின்மேல் வெளியே நம்பிக்கை கூடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை காலதாமதம். விசாரணை நடக்கும் காலமெல்லாம் அந்த உறுப்பினர் தொழில் செய்துகொண்டுதான் இருப்பார். தவறு செய்தவரென்றால் இன்னும் பல பொய்யான கையெழுத்துகள் வெளியே போகும். நிரபராதி என்றால் அத்தனை காலமும் பழியைச் சுமப்பார். கெடு தேதி இருவருக்குமே பாதுகாப்பு. அது காகிதத்தில் நின்றுவிடாமல் இருக்க, இயக்ககத்துக்குப் போதிய ஆட்கள் வேண்டும்.

சம்பளம் கொடுப்பவரைச் சோதிக்கும் வேலை

நெறிமுறைப் புத்தகம் ஐந்து அடிப்படைப் பண்புகளைச் சொல்கிறது: நேர்மை, நடுநிலை, தொழில் திறனும் உரிய கவனமும், ரகசியம் காத்தல், தொழிலுக்கு ஏற்ற நடத்தை. இவற்றை அரிக்கும் ஐந்து ஆபத்துகளையும் அது பட்டியலிடுகிறது. நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸில் அவை எப்படி வரும் என்று பார்க்கலாம். வருமானத்தில் பாதி ஒரே முதலாளியிடமிருந்து வருவது சுயநல ஆபத்து. கணக்கைத் தானே எழுதிவிட்டுத் தானே தணிக்கை செய்வது சுயபரிசீலனை ஆபத்து. வாடிக்கையாளரின் வழக்கில் அவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுவது பரிந்து பேசும் ஆபத்து. முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரும் அளவுக்குப் பழகிவிடுவது நெருக்க ஆபத்து. ‘கையெழுத்துப் போடுங்க சார், இல்லேன்னா வேற ஆடிட்டரைப் பார்த்துக்கிறோம்’ என்பது மிரட்டல் ஆபத்து.

தணிக்கைக்கு உள்ளாகிறவரே தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுக்கிறார். இந்த முரண்பாட்டை எந்த நாடும் முழுமையாகத் தீர்த்ததில்லை. பட்டியலிட்ட கம்பெனிகளில் தனிநபர் தணிக்கையாளர் ஐந்து ஆண்டிலும், தணிக்கை நிறுவனம் பத்து ஆண்டிலும் மாற வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கம்பெனியின் தணிக்கையாளரே அதற்குக் கணக்கெழுதுவதையும் உள்தணிக்கை செய்வதையும் தடுத்தார்கள். ஒரு கோடி ரூபாய்க்கும் குறையாத மோசடி தெரிந்தால் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இவை உதவும். சிற்றூரில் தனியாகத் தொழில் செய்யும் ஆடிட்டருக்கு, மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் ஆபீஸைத் திறக்கும் துணிவு வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

வாசகர் கையிலும் சில கருவிகள் இருக்கின்றன. 2019 முதல் பட்டயக் கணக்காளர் தரும் சான்றிதழ்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் கட்டாயம். ஐ.சி.ஏ.ஐ.யின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் அந்தச் சான்றிதழ் உண்மையிலேயே ஓர் உறுப்பினர் தந்ததா என்று யாரும் சரிபார்க்கலாம். ஆடிட்டர் பெயரில் போலி முத்திரை குத்திப் பிழைத்தவர்களை ஒடுக்க வந்த ஏற்பாடு இது. வங்கி அதிகாரி, வீட்டு உரிமையாளர் சங்கச் செயலாளர், அறக்கட்டளைக்கு நன்கொடை தருகிறவர் எல்லோரும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கையில் ஜெயித்தாலும் நட்ட ஈடு கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பண இழப்புக்கு நீதிமன்றம், மோசடிக்குக் காவல் துறை, தொழில் ஒழுக்கத்துக்கு ஐ.சி.ஏ.ஐ. என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாசல்.

நிறுவனத்திடம் நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. தண்டனை ஆணைகளைச் சாதாரண வாசகரும் தேடிப் படிக்கும்படி, காரணங்களோடு உடனுக்குடன் வெளியிட வேண்டும். புகார்தாரருக்கும் மேல்முறையீட்டு உரிமை தர வேண்டும். ஆர்ட்டிகிள் மாணவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். அலுவலகத்தில் நடப்பதை முதலில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். தங்கள் பயிற்சிச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறதோ அவர்மேலேயே புகார் சொல்ல அவர்களுக்கு எப்படித் துணிவு வரும்?

இவற்றையெல்லாம் உரக்கக் கேட்க வேண்டியவர்கள் நேர்மையான ஆடிட்டர்களே. அவர்கள்தான் இந்தத் தொழிலில் பெரும்பான்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவருக்குச் செலவில்லை. அதனால் குறைந்த கட்டணத்துக்கு ஒப்புக்கொள்கிறார். பத்து நாள் உட்கார்ந்து ரசீதுகளைச் சரிபார்க்கிறவரிடமிருந்து வாடிக்கையாளர் அவரிடம் போய்விடுகிறார். தவறு செய்தவர் தப்பிக்கும் ஒவ்வொரு முறையும் முதல் நஷ்டம், பக்கத்துத் தெருவில் ஒழுங்காக வேலை செய்யும் ஆடிட்டருக்குத்தான். சக உறுப்பினரைக் காட்டிக்கொடுப்பதா என்ற தயக்கத்தை விட்டுவிட்டு, தன் பிழைப்பையும் தன் தொழிலின் மரியாதையையும் காக்கும் வேலையாக அவர் ஒழுங்கு நடவடிக்கையைப் பார்க்க வேண்டும். அவரே புகார் கொடுக்க முன்வரும் நாளில், கடுமையான சட்டங்களால் இதுவரை முடியாததை அந்தத் தொழில் தானே செய்து காட்டும்.